மனந்தளராத மனுதாரர்



நேர்மையற்ற நடுவரிடம் திரும்பத் திரும்பப் போய் நீதி கேட்ட கைம்பெண்ணை லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் சந்திக்கிறோம். அவருக்குப் பணமோ செல்வாக்கோ இல்லை. ஆனாலும் கேட்பதை அவர் நிறுத்தவில்லை. அவரை நினைக்கும்போது ராஜ் நாராயண் என்ற மனிதரும் நினைவுக்கு வருகிறார். அவர் கிறிஸ்தவர் அல்ல, நம் பகுதிக்காரரும் அல்ல. ஆனால் நம் கடையநல்லூர் தாலுகா அலுவலகத்தில் ஓர் ஏழை பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் கேட்டு மனு கொடுக்க முடிகிறது என்றால், அந்த உரிமையின் வேரில் அவர் நடத்திய வழக்கும் இருக்கிறது.

1917ஆம் ஆண்டு வாரணாசி அருகே நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தார். சட்டம் படித்தார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். சுதந்திரத்திற்குப் பிறகும் சிறைவாசம் ஓயவில்லை. லோகியாவின் சோசலிச இயக்கத்தில் நின்று போராட்டம் போராட்டமாக நடத்தினார். தலித் மக்கள் காசி விசுவநாதர் கோயிலுக்குள் நுழையும் போராட்டத்தை முன்னின்று நடத்தினார். சட்டமன்றத்திலிருந்து காவலர்கள் அவரைத் தூக்கி வெளியே விட்டதும் உண்டு. கோமாளி என்று பலர் சிரித்தார்கள்.

1971இல் ரேபரேலி தொகுதியில் பிரதமர் இந்திரா காந்தியை எதிர்த்து நின்றார். பிரதமருக்கு 1,83,309 வாக்குகள், இவருக்கு 71,499. இவ்வளவு பெரிய தோல்விக்குப் பிறகு யார் நீதிமன்றம் போவார்? இவர் போனார். அரசு அதிகாரிகளைத் தேர்தலுக்குப் பயன்படுத்தினார்கள் என்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

வழக்கு நான்கு ஆண்டுகள் நடந்தது. இடையில் பிரதமரின் பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய ஏட்டை அவர் கேட்க, அரசு மறுத்தது. அந்தச் சிக்கல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975 ஜனவரியில் வந்த தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இல்லை. ஆனால் அதே தீர்ப்பில், அரசு ஊழியர்கள் பொதுவில் செய்கிற செயல்களை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்ற கருத்தை நீதிபதி கே.கே. மேத்யூ பதிவு செய்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதைப் பார்க்க ராஜ் நாராயண் உயிரோடு இல்லை.

1975 ஜூன் 12 அன்று நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா, பல குற்றச்சாட்டுகளைத் தள்ளி, இரண்டை ஏற்று, பிரதமரின் தேர்தல் செல்லாது என்றார். ஜூன் 25இல் நெருக்கடி நிலை வந்தது. ராஜ் நாராயண் கைது செய்யப்பட்டார். நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிரதமரின் தேர்தல் செல்லும் என்றது. எல்லாம் முடிந்தது போலத் தோன்றியது. ஆனால் 1977இல் அதே தொகுதியில், அதே பிரதமரை அவர் 55,202 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அதன்பின் என்ன? மத்திய அமைச்சரானார். சண்டைகள் வந்தன, பதவி போனது, ஜனதா கட்சி உடைந்ததில் அவருக்கும் பங்கு இருந்தது. 1980இல் வாரணாசியில் தோற்றார். 1984இல் பாக்பத்தில் தம் பழைய தலைவர் சரண் சிங்கிடமே தோற்றார். 1986 டிசம்பர் 31 அன்று டெல்லியில் இறந்தார்.

அன்பர்களே, இவரைப் புனிதராகக் காட்ட நான் முயலவில்லை. தோல்வியில் தளராத மனம், வெற்றியில் தடுமாறியது. ஆயினும் அவர் தோற்றபோது தட்டிய கதவுகள்தான் பிற்பாடு எளியவர்களுக்குத் திறந்தன.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியலின உரிமை மறுக்கப்பட்டது. ஆகஸ்ட் 10ஆம் நாளைத் திருஅவை கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து வருகிறது. 2004இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இருபது ஆண்டுகளைக் கடந்தும் முடிவுக்கு வரவில்லை. இனி என்ன நடக்கப் போகிறது என்று நம்மில் பலர் சலித்துவிட்டோம். முதியோர் உதவித்தொகைக்கும் பட்டாவுக்கும் ஒருமுறை மனு கொடுத்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று வீட்டில் இருந்துவிடுகிறோம். செபத்திலும் அப்படித்தானே?

உவமையின் முடிவில், மானிடமகன் வரும்போது மண்ணுலகில் நம்பிக்கையைக் காண்பாரா என்று ஆண்டவர் கேட்கிறார். நாம் வென்றோமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தோமா என்பதே அவர் கேள்வி.

ஆண்டவரே, தோல்வியில் தளராத மனத்தையும், வெற்றியில் தாழ்ச்சியையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.