தனி நாடு கேட்டவர் மாநிலத்துக்குப் பெயர் வைத்த கதை: அண்ணா எதை விட்டார், எதைப் பிடித்தார்?

வேங்கிக்காலில் இருக்கும் திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஏதாவது ஒரு வேலையாக நீங்கள் போயிருக்கலாம். பட்டா, சாதிச் சான்றிதழ், திங்கட்கிழமை குறைதீர் கூட்டம்னு ஆயிரம் காரணம் இருக்கும். அங்கே கையில் வாங்கும் தாளில் கோபுரச் சின்னத்தோடு 'தமிழ்நாடு அரசு' என்று இருக்கும். அதை யாரும் நின்று படிப்பதில்லை.

ஆனா, 1969 ஜனவரி 14-க்கு முன்பு சட்டப்படி அந்தப் பெயரே கிடையாது. அப்போ இது மெட்ராஸ் மாநிலம். திருவண்ணாமலை, வட ஆற்காடு மாவட்டத்தில் ஓர் ஊர். பெயரை மாற்றிய முதல்வர் சி.என்.அண்ணாதுரை. அதற்கு ஆறு வருடம் முன்பு வரை அவர் கேட்டது மாநிலத்துக்கு ஒரு பெயரை அல்ல, தனி நாட்டை.

பெரிய கோரிக்கையைக் கைவிட்ட தலைவரை ஜனங்கள் கைவிட்டு விடுவார்கள் என்பதுதான் அரசியலில் பொதுவான கணக்கு. அண்ணா விஷயத்தில் நடந்தது நேர் எதிர். எப்படி?

காஞ்சிபுரத்தில் இருந்து

காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் 1909 செப்டம்பர் 15 அன்று பிறந்தார் அண்ணா. படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகக் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எம்.ஏ. வரை முடித்தார்.

1934-ல் திருப்பூரில் நடந்த இளைஞர் மாநாட்டில் பெரியாரைச் சந்தித்தது திருப்புமுனை. பெரியாரின் பத்திரிகைகளில் எழுதினார், ஊர் ஊராகப் பேசினார், 1938-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். 1942-ல் சொந்தமாகத் தொடங்கிய வார இதழுக்கு அவர் வைத்த பெயர் 'திராவிட நாடு'.

1920-ல் சென்னை மாகாணத்தில் ஆட்சிக்கு வந்த நீதிக்கட்சி, 1937 தேர்தலில் காங்கிரஸிடம் தோற்றுத் தேய்ந்து போயிருந்தது. 1944 சேலம் மாநாட்டில் அண்ணா கொண்டுவந்த தீர்மானத்தின்படி அது திராவிடர் கழகம் ஆனது. தேர்தல் வேண்டாம், சமூக மாற்றமே முக்கியம் என்பது பெரியாரின் பாதை.

பிரிவு ஏன் வந்தது?

முதல் விரிசல் 1947 ஆகஸ்ட் 15. சுதந்திர நாளைத் துக்க நாளாகப் பார்த்தார் பெரியார். அண்ணா அதை ஏற்கவில்லை. 1949-ல் பெரியார்–மணியம்மை திருமணத்தை ஒட்டி உறவு முறிந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 17 அன்று சென்னை ராயபுரம் ராபின்சன் பூங்காவில் திமுக உருவானது. தலைவர் நாற்காலி பெரியாருக்கென்று காலியாகவே விடப்பட்டது. அண்ணா பொதுச்செயலாளர் ஆனார்.

1952: அடுத்தவருக்கு ஓட்டு கேட்டபோது...

முதல் பொதுத் தேர்தலில் திமுக நிற்கவில்லை. தங்கள் கொள்கைக்கு ஒப்புக்கொண்ட வேட்பாளர்களை ஆதரித்தது. வட ஆற்காடு பக்கம் செல்வாக்கோடு இருந்த மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சியும் அதில் ஒன்று.

375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152தான். ஆனாலும் ராஜாஜி முதல்வர் ஆனார். அவர் அமைச்சரவையிலேயே மாணிக்கவேல் நாயக்கரும் சேர்ந்துவிட்டார். ஓட்டு கேட்டது ஒருவர், பலன் போனது இன்னொருவருக்கு!

1956 திருச்சி மாநாட்டில் திமுக தேர்தலில் நிற்க முடிவெடுத்தது. 1957-ல் சட்டமன்றத்தில் 15 இடங்கள் கிடைத்தன. திருவண்ணாமலையில் ப.உ.சண்முகம் ஜெயித்தார். மக்களவைக்குப் போன திமுகவினர் இரண்டே பேர். ஒருவர் நாமக்கல்லில் வென்ற ஈ.வெ.கி.சம்பத், இன்னொருவர் திருவண்ணாமலையில் வென்ற இரா.தர்மலிங்கம். அதாவது டெல்லிக்கு திமுக போட்ட முதல் பாதைகளில் ஒன்று நம்ம ஊர் வழியாகத்தான் போனது.

தனி நாடு கோரிக்கை என்ன ஆச்சு?

அது உள்ளுக்குள் ஏற்கெனவே பலவீனமாகி இருந்தது. 1953-ல் ஆந்திரம் பிரிந்தது. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் வந்தன. தெலுங்கர், கன்னடர், மலையாளிகள் யாரும் திராவிட நாடு கேட்கவில்லை. இந்தக் கோரிக்கை நடக்காது என்று சொல்லி 1961-ல் சம்பத்தே கட்சியை விட்டு வெளியேறினார்.

1962-ல் திமுக 50 இடங்களுக்கு வளர்ந்தது. ஆனா அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். மாநிலங்களவை உறுப்பினராகி, அங்கே தன் முதல் உரையிலேயே திராவிட நாடு கேட்டார். சில மாதங்களில் சீனப் போர் வெடித்தது. அண்ணா தயங்காமல் மத்திய அரசின் பக்கம் நின்றார்.

1963-ல் வந்தது 16-வது அரசியல் சட்டத் திருத்தம். இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்காமல் தேர்தலில் நிற்க முடியாது என்ற நிலை. அண்ணா முன்னால் இருந்தது இரண்டே வழி. கொள்கையைப் பிடித்துக்கொண்டு தேர்தல் அரசியலை விட்டு வெளியே போவது, அல்லது கொள்கையை விட்டு உள்ளே இருப்பது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் என்பது புதிய இலக்கு ஆனது.

கோழைத்தனம் என்று சிலர் ஏசினார்கள். ஆனா 1967 வெற்றியின் விதை இந்த முடிவில்தான் இருக்கிறது. பிரிவினைக் கட்சி என்ற முத்திரை போனதால், மற்ற கட்சிகள் கூச்சமில்லாமல் திமுகவோடு கைகோக்க முடிந்தது.

இதே மாதிரி ஒரு கதை ஜெர்மனியில்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தைப் பாருங்கள். 1949-ல் மேற்கு ஜெர்மனிக்கு அரசியல் சட்டம் எழுதியபோது, மாநிலங்களுக்கு அதிகாரம் போதாது என்று பவேரிய சட்டமன்றம் அதை நிராகரித்தது. ஆனா மற்ற மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்றால் தாங்களும் கட்டுப்படுவோம் என்றது. அங்கே சிஎஸ்யு என்ற கட்சி பவேரியாவில் மட்டும்தான் போட்டியிடும். 1957 முதல் மாநிலத்தை அதுதான் ஆள்கிறது. டெல்லி மாதிரி அங்கே பெர்லின். அங்கும் கூட்டணி வழியாகச் செல்வாக்கு செலுத்துகிறது. கூட்டாட்சிக்குள் இருந்துகொண்டே உரிமை கேட்கும் அந்த வழியைத்தான் அண்ணாவும் பிடித்தார்.

1967: என்ன நடந்தது?

1965 மொழிப் போராட்டமும் துப்பாக்கிச் சூடும், அரிசித் தட்டுப்பாடும் காங்கிரஸ் மீது கோபத்தைக் குவித்திருந்தன. எதிர் எதிர் துருவங்களான ராஜாஜியின் சுதந்திராக் கட்சியையும் மார்க்சிஸ்ட் கட்சியையும், கூடவே முஸ்லிம் லீக்கையும் ஒரே அணியில் சேர்த்தார் அண்ணா. 234 இடங்களில் திமுகவுக்குத் தனிப்பெரும்பான்மை. விருதுநகரில் காமராஜரே மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் தோற்றார்.

மார்ச் 6 அன்று முதல்வரான அண்ணா, பதினெட்டு வருடம் முன்பு பிரிந்து வந்த பெரியாருடனும் உறவைப் புதுப்பித்துக்கொண்டார். சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தார். 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கை வந்தது. அதே கோரிக்கைக்காக 1956-ல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்ட பெயர் மாற்றமும் நிறைவேறியது.

குறைகள் இல்லையா?

உண்டு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு, சில நகரங்களில் ஒரு படி என்று சுருங்கியது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். சமூக நீதி பேசிய ஆட்சியில் நடந்த அந்தக் கொடுமை இன்றும் ஆறாத வடு.

அவருக்குப் பிறகு

1969-ல் கருணாநிதி அரசு மத்திய–மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழுவை அமைத்தது. 1974-ல் மாநில சுயாட்சித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1972-ல் எம்ஜிஆர் பிரிந்து போனபோது, தன் கட்சிப் பெயரிலேயே அண்ணாவைச் சேர்த்துக்கொண்டார். அதன்பின் பல பத்தாண்டுகள் இந்த இரண்டு கட்சிகளும்தான் மாறி மாறி ஆண்டன. 1967-ல் போன காங்கிரஸ் ஆட்சி திரும்பவே இல்லை.

வரிப் பங்கு, கல்வி, ஆளுநர் அதிகாரம்னு இன்று நடக்கும் சண்டைகள் எல்லாமே 1963-ல் அண்ணா வரைந்த கோட்டுக்குள்தான் நடக்கின்றன. உள்ளே இருந்து கேட்பது, கேட்டுக்கொண்டே இருப்பது.

புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா இறந்தபோது அவருக்கு வயது 59. முதல்வராக இருந்தது இரண்டு வருடம்கூட இல்லை. தான் பெயர் வைத்த தமிழ்நாட்டில் அவர் வாழ்ந்தது வெறும் 20 நாள்.