கணித மேதை இராமானுசன்

இராமானுசன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் துணிக்கடையொன்றில் கணக்கெழுதி வந்தார். இளமையில் சிறிது காலம் காஞ்சிபுரத்தில் பயின்ற இராமானுசன், பின்னர்க் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

அக்காலத்தே, லோனி என்பார் இயற்றிய திரிகோண கணித நூலை இரவலாகப் பெற்றுக் கற்றுத் தேர்ந்தார். செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் வர்க்கம் ஏனைய இரு பக்கங்களின் வர்க்கங்களது கூட்டுத்தொகைக்குச் சமமன்றோ? அனைத்தையும் கர்ணத்தின் வர்க்கத்தால் வகுப்பின், சைனின் வர்க்கமும் கோசைனின் வர்க்கமும் கூடி ஒன்றாகும். நீண்ட கோவைகளைச் சுருக்க நமக்கு உதவுவது இம்முற்றொருமையே. இராமானுசனோ இதனோடு அமையவில்லை. சைன், கோசைன் பற்றிய அரிய தேற்றங்களைத் தாமே முயன்று கண்டார். அவற்றை ஆய்லர் என்னும் பேரறிஞர் ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே கண்டிருந்தமை பின்னர்த் தெரியவந்தது. உள்ளம் நாணி, எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் மறைத்து வைத்தார்.

ஆயினும் அவர் ஊக்கம் தளரவில்லை. கணிதமே கருத்தாயிருந்தமையால் பிற பாடங்களில் தவறி, கல்லூரி உதவித்தொகையை இழந்தார். வறுமையிலும் ஆராய்ச்சியை விடாது தொடர்ந்தார். 1914இல் கேம்பிரிட்சு சென்றார். 1918இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள், தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

மாணவர்களே, பிறர் முன்னரே கண்ட உண்மையாயினும், அதனைத் தானே முயன்று காண்பவன் உழைப்பு ஒருநாளும் வீணாவதில்லை.