குழந்தையிடம் பாடம் கேட்ட அம்மையார்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அத்தானின் கடைக்குப் பின்னால்தான் அக்காவின் வீடு. நெல்லையிலிருந்து படிக்க வந்த எனக்கு ஞாயிறுதோறும் அங்கேதான் சோறு. இரண்டரை வயது மருமகன் அக்காவின் இடுப்பை விட்டு இறங்கமாட்டான். சுமந்துகொண்டே திரிந்தால் பிள்ளைக்கு அறிவு எப்படி வளரும், பள்ளியில் தள்ளிவிடு என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, அக்கா கலங்கிப்போய் என்னிடம் கேட்டாள். விலங்கியல் முதுகலை மாணவனாகிய எனக்கு விடை தெரியவில்லை. தேடியபோது கிடைத்ததுதான் மாண்டிசோரி அம்மையாரின் வாழ்க்கை.

இத்தாலியின் கியாரவல்லே என்னும் ஊரில் 1870 ஆகஸ்டு 31இல் பிறந்த அம்மையார், 1896இல் ரோமாபுரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1898இல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். அம்மையார் மணமாகாதவர். ஊர்ப்பழிக்கு அஞ்சிய அக்காலத்தில், மகனை நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றில் வளரவிட்டார். 1907இல் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். அங்கே பிள்ளைகளை அடக்கவில்லை, உற்றுநோக்கினார். ஊரார் பிள்ளைகளால் உலகப்புகழ் பெற்ற அத்தாய், தம் பிள்ளையைப் பிரிந்தே பல்லாண்டு வாழ்ந்தார். வளர்ந்த பின்னரே மரியோ தாயிடம் வந்து, அவர் பணிக்கும் துணையானார்.

1939இல் இருவரும் சென்னை அடையாற்றுக்கு வந்தனர். 300க்கும் மேற்பட்டோர் அவரிடம் பயிற்சி பெற்றனர். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு மரியோவைக் காவலில் வைத்தது. மீண்டும் பிரிவு! அம்மையாரின் 70ஆம் பிறந்தநாளில்தான் மகன் விடுதலையானார்.

இந்தியாவில் அவர் ஆற்றிய உரைகளிலிருந்து உருவான நூல் 1949இல் சென்னையில் வெளிவந்தது. நடு ஆப்பிரிக்காவின் பாண்டு இனத் தாய்மாரைப் பற்றி அதில் வியந்து பேசுகிறார். அவர்கள் குழந்தையைத் தம் உடலின் ஒரு பகுதியாகவே கருதி, செல்லுமிடமெல்லாம் சுமந்து செல்வார்களாம், நெடுநாள் பாலூட்டுவார்களாம். தாயோடு சந்தைக்குப் போகும் குழந்தை உலகைக் காண்கிறது, பேச்சைக் கேட்கிறது, யாரும் கற்பிக்காமலே மொழியை உள்வாங்கிக்கொள்கிறது. மகனைப் பிரிந்த துயரை அறிந்த ஒரு தாய் இதை எழுதினார் என்று எண்ணும்போது என் நெஞ்சு கனத்தது.

சுமந்தால் மட்டும் போதும் என்றும் அவர் சொல்லவில்லை. குழந்தை தானே நடக்கவும் செய்யவும் விரும்பும்போது தடுக்காமல் இடம் கொடுக்கச் சொன்னார். 1952 மே 6இல் ஹாலந்து நாட்டில் மறைந்தார்.

இவற்றையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். சென்ற ஞாயிறு மூவரும் காய்கறி வாங்கப் போனோம். இடுப்பிலிருந்த மருமகன் வெண்டைக்காயைக் காட்டிப் பெயர் கேட்டான். அக்கா தமிழில் சொன்னாள். கடைக்காரர் மலையாளத்தில் சொன்னார். இரண்டையும் சொல்லிப் பார்த்தவன், பூசணிக்காயைத் தொட்டுப் பார்க்கத் தானே இறங்கினான். அக்கா தடுக்கவில்லை.

நண்பர்களே, நம்மைச் சுமந்த தாய்மார் பலர் பள்ளி வாசலை மிதியாதவர்கள். ஆயினும் நமக்கு முதல் பள்ளி அவர்கள் இடுப்பே அன்றோ!