டாக்டர் சாலமன் கார்ட்டர் புல்லர்

அமெரிக்காவில் அடிமையாயிருந்து, தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கியவரின் பேரனாக, 1872-இல் லைபீரியாவில் தோன்றியவர் டாக்டர் புல்லர். 1889-இல் அமெரிக்கா சென்று, 1897-இல் பாஸ்டனில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1904-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பேரறிஞர் அல்சைமரிடம் பயின்றார்.

முதியோர் நினைவிழந்து தடுமாறினால், வயதின் கோளாறென்று நம் தருமபுரிச் சிற்றூர்களில் விட்டுவிடுகின்றோம். அந்நாளைய மருத்துவர் பலரோ, மூளையின் இரத்தக்குழாய்கள் தடிப்பதே காரணம் என்றனர். இறந்தோர் மூளைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்த புல்லர் அதனை ஏற்கவில்லை. 1912-இல், அல்சைமர் நோய் குறித்து அதுவரை வெளிவந்தவற்றைத் தொகுத்து, அந்நோயின் ஒன்பதாவது நோயாளராகத் தாம் கண்டவரின் வரலாற்றையும் சேர்த்து வெளியிட்டார்.

பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவரின் பணிகளைச் செய்தும் அப்பதவி அவருக்குக் கிட்டவில்லை. நிறமே தடையாயிற்று. வெள்ளையர் ஒருவர் அவருக்கு மேலாக உயர்த்தப்படவே, 1933-இல் விலகினார். நீரிழிவால் பார்வை போன பின்னும் நோயாளரைக் கவனித்து வந்தார், 1953-இல் மறைந்தார்.