அணுவின் இடமும் வலமும்
வூ அம்மையாரின் சரிதை

சாஸ்திர உலகில் புதுக் கொள்கைகளை வகுப்போருக்குக் கிட்டும் கீர்த்தி, அவற்றை அளந்து சோதிப்போருக்குக் கிட்டுவது அரிது. ஆயினும், அளந்து பார்க்கும் வரையில் எக்கொள்கையும் ஊகமேயன்றி உண்மையாகாது. இதைத் தம் வாழ்நாளால் நிலைநாட்டியவர் சீன தேசத்துப் பௌதிக மேதையான சீயென்-ஷியுங் வூ அம்மையார்.

அம்மையார் 1912ம் வருஷம் ஷாங்காய் நகருக்கு அருகிலுள்ள லியூஹே என்னும் சிற்றூரில் பிறந்தார். பெண்களின் பாதங்களைக் கட்டிக் குறுக்கும் கொடிய வழக்கம் சீனத்தில் முற்றும் ஒழியாத காலம் அது. அவருடைய தந்தை வூ சோங்யி, பெண்களுக்கென்றே மிங்டே என்ற பாடசாலையை ஸ்தாபித்துத் தம் புதல்வியை அதில் படிக்கவைத்தார். அம்மையார் 1930ல் நான்கிங் நகரத்து மத்திய சர்வகலாசாலையில் சேர்ந்தார். மறுவருஷம் ஜப்பான் மஞ்சூரியாவைக் கவர்ந்துகொண்டது. ஆக்கிரமிப்பை எதிர்த்துச் சர்க்கார் உறுதியாக நிற்க வேண்டுமென்று கோரிய மாணவர் கிளர்ச்சிக்கு அவர் தலைமை வகித்தார். மாணவர்கள் அதிபர் மாளிகை முற்றத்தில் அமர்ந்துவிட, சியாங் கே ஷேக்கே வெளிவந்து அவர்களைச் சந்திக்க நேர்ந்தது.

1936ல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்புவதே அவருடைய எண்ணம். ஆனால் ஜப்பானியப் படையெடுப்பும், உள்நாட்டு யுத்தமும், பின்னர் இரு தேசங்களுக்குமிடையே மூண்ட பகைமையும் வழியை அடைத்துவிட்டன. அவர் மீண்டும் சீன மண்ணை மிதித்தது 1973ல்தான். அதற்குள் பெற்றோர் இருவரும் மறைந்துவிட்டனர்.

1940ல் பெர்க்லியில் டாக்டர் பட்டம் பெற்ற அம்மையார், 1944ல் கொலம்பியா சர்வகலாசாலையில் யுத்தகால அணு ஆராய்ச்சியில் ஈடுபட்டார். யுத்தம் ஓய்ந்தபின் பீட்டா சிதைவைத் தம் துறையாகக் கொண்டார். அணுவின் கருவிலிருந்து எலெக்ட்ரான் வெளிப்பட்டு, ஒரு மூலகம் வேறொரு மூலகமாக மாறுவதே பீட்டா சிதைவு. இதைப் பற்றி இத்தாலிய மேதை பெர்மி 1934ல் ஒரு கொள்கை வகுத்திருந்தார். ஆனால் சோதனைகளில், வேகங் குறைந்த எலெக்ட்ரான்கள் அக்கொள்கை கூறியதைவிட மிகுதியாகக் காணப்பட்டன. குற்றம் கொள்கையில் இல்லை, சோதனைப் பொருளின் தடிப்பில்தான் என்று 1949ல் அம்மையார் காட்டினார். தடித்த பொருளுக்குள்ளிருந்து வெளிவருகையில் எலெக்ட்ரான்கள் தம் சக்தியை இழந்தன. பொருளை மெல்லிய, சீரான படலமாக அமைத்ததும் கணக்கும் சோதனையும் ஒத்துப்போயின.

1956ல் பெரும் சோதனை வந்தது. இயற்கை இடம், வலம் என்ற பேதம் பாராட்டாது, கண்ணாடியில் தோன்றும் பிம்பமும் இயற்கையின் விதிகளுக்கு உட்பட்டே நடக்கும் என்பது அதுவரை விஞ்ஞானிகள் கொண்டிருந்த நம்பிக்கை. பீட்டா சிதைவில் இவ்விதி சோதிக்கப்படவே இல்லை என்று லீ, யாங் என்ற இரு சீன இளைஞர்கள் சுட்டிக்காட்டினர். பௌலி போன்ற பெரியோர்களும் விதி பொய்க்காதென்றே நம்பினர். அம்மையாரோ கணவருடன் செல்லவிருந்த கப்பற் பிரயாணத்தையும் கைவிட்டுச் சோதனையில் இறங்கினார்.

கோபால்ட் 60 என்னும் பொருளின் அணுக்கருக்கள் பம்பரம்போல் சுழல்பவை. அவற்றின் அச்சுக்கள் யாவும் ஒரே திசையில் நிற்க வேண்டும். அதற்கு உஷ்ணத்தின் அசைவு அடங்க வேண்டும். எனவே, வாஷிங்டன் நகரத்து அளவை நிலையத்தில், ஆம்ப்ளர் முதலிய நிபுணர்களின் துணையோடு, பூரண சூனிய உஷ்ணநிலைக்கு மேல் ஒரு டிகிரியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் கோபால்ட் குளிர்விக்கப்பட்டது. நேராக நிற்கும் கண்ணாடியில் பம்பரத்தின் சுழற்சி எதிர்ப்புறமாகத் தோன்றும். மேல் கீழ் மாறாது. ஆகவே கண்ணாடி விதி மெய்யானால் எலெக்ட்ரான்கள் அச்சின் இருபுறமும் சமமாகவே வெளிப்பட வேண்டும். ஆனால் அச்சின் திசைக்கு எதிர்ப்புறத்திலேயே அவை மிகுதியாகப் பாய்ந்தன. காந்தத்தின் திசையை மாற்றியபோது எண்ணிக்கையும் மாறியது. கோபால்ட் சூடேறிய சில நிமிஷங்களில் பேதம் மறைந்தது. 1957 ஜனவரியில் இம்முடிவு உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

அவ்வாண்டு நொபேல் பரிசு லீ, யாங் இருவருக்கே அளிக்கப்பட்டது; அம்மையாருக்குப் பங்கில்லை. இது நியாயமன்று என்பதே நமது கருத்து. ஆயினும் அவர் சோர்ந்திலர். 1963ல் பீட்டா சிதைவைப் பற்றிய மற்றொரு முக்கியக் கொள்கையையும் நுட்பமாக அளந்து உறுதி செய்தார். 1975ல் அமெரிக்கப் பௌதிகச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1978ல் பௌதிகத்துக்கான முதல் வுல்ப் பரிசு அவரை அடைந்தது. 1997ல் நியூயார்க்கில் காலமானார். அவருடைய அஸ்தி, தந்தை ஸ்தாபித்த அதே மிங்டே பாடசாலையின் முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

இன்றும் பீட்டா சிதைவை மேன்மேலும் நுட்பமாக அளந்து, இயற்கை விதிகளில் வேறு பிளவு உண்டா என்று விஞ்ஞானிகள் தேடிவருகின்றனர். அவ்வழியைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் வூ அம்மையார். பெரியோர் நம்பினர் என்பதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. அதை மறுக்க விரும்புவோரும் அளந்து காட்டியே மறுக்க வேண்டும். பொதுக்காரியங்களில் இறங்கும் இளைஞர் ஒவ்வொருவரும் இதை மனத்திற் கொள்வது நலம்.