சவுலின் வைராக்கியம்

சிலிசியா நாட்டுத் தர்சு நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர் சவுல். கூடாரம் செய்யும் தொழில் அறிந்தவர். எருசலேமில் கமாலியேல் என்னும் பேராசானிடம் வேதம் பயின்றவர். கல்வியும் பக்தியும் நிறைந்த இவ்விளைஞரே ஆதிக் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்துவதில் முன்னின்றார். ஸ்தேவான் கல்லெறியுண்டு மாண்டபோது, எறிந்தோரின் மேலாடைகளைக் காத்து நின்று அக்கொலைக்கு உடன்பட்டார். வீடுதோறும் நுழைந்து, ஆண் பெண் இருபாலாரையும் இழுத்துச் சென்று சிறையிலிட்டார். பொருளாசை அவரைத் தூண்டவில்லை. முன்னோர் மரபைக் காப்பதே இறைத்தொண்டு என்னும் உறுதி தூண்டிற்று. ஆதலின் அவருடைய மனச்சான்றும் அவரைத் தடுக்கவில்லை.

கி.பி. 30களில், மேலும் பலரைச் சிறைபிடிக்கத் தமஸ்குவிற்குச் சென்ற வழியில் பேரொளி கண்டு வீழ்ந்தார், பார்வையிழந்தார். அவருக்கு அஞ்சியிருந்த கிறிஸ்தவருள் ஒருவரான அனனியா, சகோதரன் என்றழைத்து அவர்மீது கை வைத்தார் என அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. துன்புறுத்தியவனைத் தொட்டுத் தூக்கியது, துன்பத்திற்கு இலக்காகவிருந்தவரின் கையே!

பின்னர்ப் பவுல் எனப் புகழ்பெற்ற அவர், தாமே 5 முறை 39 அடிகள் பெற்றார், சிறைகளில் வாடினார். தம் பழைய கொடுமைகளைத் தம் நிருபங்களில் மறைத்தாரில்லை. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் பிரிவில்லை என்று கலாத்தியருக்கு எழுதினார். நீரோ மன்னன் காலத்தில், கி.பி. 60களில், உரோமையில் கொலையுண்டார் என்பது திருச்சபை மரபு.

இளைஞர்களே, கற்றவரின் கையிலும் கல் இருக்கக்கூடும். பிறர் துயரை உணரும் நெஞ்சமே கல்விக்குக் கண்ணாகும்.