கடன் பத்திரங்களை ஆற்றில் விட்ட கவிஞர்

போசரி பட்டறைகளில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு தேகு புதிய ஊர் அல்ல. இந்திராயணி ஆற்றங்கரையில், அருகிலேயே இருக்கிறது. துக்காராம் பிறந்த ஊர் அது. இன்று அவரை மகான் என்று கும்பிடுகிறார்கள். அதற்கு முன் அவர் நொடித்துப்போன ஒரு கடைக்காரர்.

1608-ல் பிறந்தார் என்பது பெரும்பாலோர் கணக்கு. குணபி குலம். தானிய வியாபாரம், கொஞ்சம் கொடுக்கல் வாங்கல், வீட்டோடு ஒரு விட்டலன் கோவில். குறைவில்லாத குடும்பம்தான். ஆனால் 17 வயது வாக்கில் தாய் தந்தை இருவரும் போனார்கள். தமையன் சாவ்ஜி மனைவியை இழந்து, வீட்டைத் துறந்து போய்விட்டார். குடும்ப பாரம் முழுவதும் துக்காராம் தலையில் விழுந்தது.

1630-ல் தக்காணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. 1632 வரை விடவில்லை. வியாபாரம் படுத்தது. மூத்த மனைவி ரகுமா பசியால் மாண்டார். மகன் சந்துவும் இறந்தான். இளைய மனைவி ஜிஜாபாயைச் சிலர் சண்டைக்காரி என்று கதை கட்டியிருக்கிறார்கள். அடுப்பில் உலை வைக்க வேண்டியவர் அவர்தானே! கோபம் வராமல் என்ன செய்யும்?

ஊரார் தர வேண்டிய கடன் பத்திரங்களைத் தம்பி கான்ஹோபாவோடு பாதியாகப் பிரித்துக்கொண்டு, தம் பங்கை இந்திராயணியில் விட்டுவிட்டார் என்பது தேகுவில் வழங்கும் வரலாறு. பிறகு பண்டாரா குன்றில் போய்த் தனியே உட்கார்ந்தார். பழைய அடியார்களின் பாடல்களை மனப்பாடம் செய்தார். ஒரு நாள் நாமதேவர் பாண்டுரங்கனோடு கனவில் வந்து, பாட்டுக் கட்டச் சொன்னாராம். அன்று முதல் எழுதினார். பண்டிதர் மொழியில் அல்ல. சந்தையிலும் வயலிலும் பேசிய மராத்தியில். பட்டினி, கடை நொடித்த அவமானம், மனைவி இறந்தது எல்லாம் பாட்டில் ஏறின. மனப்புண்ணை மூடி மறைத்து எழுதியவர் அல்லர் அவர். இந்த அபங்கங்கள் சுமார் 4,500 கிடைத்திருக்கின்றன.

எழுத்துக்கும் சோதனை வந்தது. சூத்திரர் ஒருவர் வேதப்பொருளை மராத்தியில் பாடுவதா என்று வாகோலி ராமேசுவர பட்டர் எதிர்த்தார். ஏடுகள் ஆற்றில் மூழ்கின. பெண்டாட்டி பிள்ளை போனபோது எழுத்து துணை இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. ஆற்றங்கரையில் ஒரு பாறையில் 13 நாள் அன்ன ஆகாரமின்றிக் கிடந்தார். ஏடுகள் நனையாமல் மிதந்து வந்தன என்பது பக்தர்கள் நம்பிக்கை. பாட்டுகளை நெஞ்சில் வைத்திருந்த ஊர் மக்களே அவற்றை மீட்டார்கள் என்று சொல்வோரும் உண்டு. எதிர்த்த பட்டரே பின்னர் சீடரானார்.

1650 வாக்கில் துக்காராம் மறைந்தார். 1873-ல் பம்பாய் அரசின் உதவியோடு பாடல்கள் அச்சேறின. தமிழிலும் 1938-ல் முசிரி சுப்பிரமணிய ஐயர் துக்காராமாக நடித்த படம் வந்தது. ஆண்டுதோறும் அவர் பாதுகைகளைத் தாங்கிய பல்லக்கு தேகுவிலிருந்து புறப்பட்டு, ஆகுர்டியில் தங்கி, பண்டரிபுரம் போகிறது.

அவர் பட்டினி கிடந்த பாறை தேகு கோவிலில் இன்றும் இருக்கிறது.